பாட்டில் திரவம் ஹெட் கேஸ்கட்டைக் காப்பாற்றுமா?

கேள்வி: பழைய காரில் ஹெட் கேஸ்கட் போய்விட்டதாம். ரேடியேட்டரில் ஊற்றும் அடைப்புத் திரவம் போதுமா?

பதில்: முதலில் ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் அதில் கலக்கிறது; ஊற்றும் திரவமும் கலக்கும், எனவே பாட்டில் பக்கமே போகாதீர்கள். இந்த அடைப்புத் திரவங்கள் பலவற்றின் சரக்கு சோடியம் சிலிகேட். சூட்டில் கண்ணாடிபோல் இறுகும். 2009இல் அமெரிக்க அரசு பழைய கார்களை ஒழிக்கத் திட்டம் போட்டபோது, ஆயிலை வடித்துவிட்டு இதே கரைசலை ஊற்றித்தான் இன்ஜின்களைக் கொன்றார்கள்!

தண்ணீர் மட்டும் மெல்லக் குறைகிறது, வண்டியும் காயலான் கடைக்குப் போகப்போகிறது என்றால் ஊற்றிப் பார்க்கலாம். (விற்பதற்காக ஊற்றினால் அது மோசடி.) ரேடியேட்டர் குழாய்கள் அடைபடும் அபாயம் உண்டு. சூடேறி ஹெட் வளைந்திருந்தால் எந்தத் திரவமும் அதை நிமிர்த்தாது. கழற்றி, லேத் பட்டறையில் ஃபேஸிங் செய்து, புது கேஸ்கட் போடுங்கள்.