குத்தகைக் குதிரையும் தொடர வேண்டிய பாடமும்

குதிரையேற்றம் பயிலும் இளையவருக்கு,

குதிரையேற்றப் பள்ளியில் சில ஆண்டுகள் பயின்று, நடை, டிராட், கேன்டர் என்னும் மூன்று கதிகளிலும் சேணத்தில் நிலைகுலையாமல் அமரத் தேர்ந்தவர்கள், வாரந்தோறும் வெவ்வேறு பள்ளிக் குதிரைகளில் ஏறுவதை விட்டு ஒரே குதிரையோடு தொடர்ந்து பழக விரும்பும்போது, குத்தகை என்னும் ஏற்பாட்டை நாடுகின்றனர். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பரவலாக உள்ள இந்த ஏற்பாட்டில் குதிரை உரிமையாளருக்கே சொந்தமாக இருக்க, அதில் சவாரி செய்யும் உரிமையும் அதைப் பராமரிக்கும் பொறுப்பும் ஒப்பந்தப்படி மற்றொருவருக்கு வந்து சேர்கின்றன. ஏறத்தாழ எல்லா நாள்களிலும் குதிரையைப் பயன்படுத்தி எல்லாச் செலவையும் ஏற்பது முழுக் குத்தகை. வாரத்தில் மூன்று நாள் அளவில் பயன்படுத்தி, லாய வாடகை, தீவனம், லாடம், மருத்துவம் ஆகியவற்றில் ஒரு பங்கை மட்டும் ஏற்பது அரைக் குத்தகை. பிரிட்டனில் முதலாவதை லோன் என்றும் இரண்டாவதை ஷேர் என்றும் வழங்குவர்.

குதிரை கைக்கு வந்தவுடன் செலவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்குகின்றன. சுமார் 500 கிலோ எடையுள்ள ஒரு குதிரை நாளொன்றுக்குத் தன் எடையில் 1.5 முதல் 2 விழுக்காடு வரை உலர்தீவனம் உண்பதும், 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை அதன் குளம்புகளைச் சீவி லாடம் மாற்ற வேண்டியிருப்பதும், பல், தடுப்பூசி, குடற்புழு நீக்கம் என மருத்துவரை அழைக்க வேண்டியிருப்பதும் தவிர்க்க இயலாதவை. இவற்றுள் எதையும் குறைக்க முடியாத நிலையில், குறைக்கத்தக்கதாகக் கண்ணில் படுவது பயிற்றுநரின் கட்டணம் ஒன்றே. ஏறவும் செலுத்தவும் தெரிந்துவிட்டது, குதிரையும் கையில் இருக்கிறது, இனி நாள்தோறும் செய்யும் பழக்கமே கற்பித்துவிடும் என்னும் எண்ணம் அந்தக் குறைப்புக்குத் துணை நிற்கிறது. இந்த எண்ணம் தவறானது என்பதும், பாடம் குத்தகையோடு சேர்ந்த கூடுதல் வசதியாக அல்லாமல், குத்தகையைப் பொறுப்போடு நடத்துவதற்கான முன்நிபந்தனையாகவே கருதப்பட வேண்டும் என்பதும் இக்கடிதத்தின் கருத்து.

பள்ளிக் குதிரைக்கும் குத்தகைக் குதிரைக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து இதைத் தொடங்கலாம். பள்ளிக் குதிரை வாரத்தில் பலரைச் சுமக்கிறது. ஒருவர் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால் மற்றொருவர் தளர்த்திப் பிடிக்கிறார். அவ்வப்போது பயிற்றுநரோ மூத்த மாணவரோ ஏறி, கற்பவர்களால் மழுங்கிப்போன அதன் மறுமொழிகளைச் சீர்செய்கின்றனர். ஆகவே எந்தத் தனியொருவரின் பிழையும் அதில் ஆழமாகப் பதிவதில்லை. குத்தகைக் குதிரையிலோ, குறிப்பாக முழுக் குத்தகையில், ஒரே கையும் ஒரே கால்களும் ஒரே எடையும் வாரக்கணக்கில் தொடர்கின்றன; பிழையும் அவ்வாறே தொடர்ந்து, குதிரையின் பழக்கமாகவே மாறிவிடுகிறது.

குதிரை கற்கும் விதமே இதற்குக் காரணமாகும். சவாரியில் தரப்படும் குறிப்புகளுள் பெரும்பாலானவை அழுத்தம் கொடுத்தலும் அதை விலக்குதலுமாக அமைந்தவை. கால் விலாவை அழுத்துகிறது, குதிரை முன்னேறுகிறது, கால் விலகுகிறது. அழுத்தம் விலகிய அந்தக் கணத்தில் தான் செய்துகொண்டிருந்த செயலையே சரியானதென்று குதிரை கொள்கிறது. இதனை உளவியலார் எதிர்மறை வலுவூட்டல் என்பர், அதாவது விரும்பாத ஒன்றை நீக்குவதன் மூலம் ஒரு செயலை உறுதிப்படுத்துதல். இதன்படி, குதிரை மெதுவான பின்னும் கடிவாளத்தை இளக்காத கை, மெதுவாவதால் பயனில்லை என்று கற்பிக்கிறது. இடைவிடாமல் விலாவில் ஒட்டி அழுத்தும் கால், காலைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று கற்பிக்கிறது. மைதானத்தின் ஒரு மூலையில் குதிரை முரண்டு பிடித்து நின்றபோது அச்சத்தால் கடிவாளத்தைத் தளர்த்துபவர், நிற்பதற்குப் பரிசு கொடுக்கிறார். சவாரியாளர் கற்பிக்க எண்ணினாலும் எண்ணாவிட்டாலும், ஏறிய நேரம் முழுவதும் குதிரை எதையோ கற்றுக்கொண்டிருக்கிறது என்பதே இதன் பொருள்.

தாம் கொடுக்கும் குறிப்புகளைச் சவாரியாளர் தாமே அறிவார் என்று இதற்கு மறுமொழி கூறலாம். அவர் அறியமாட்டார் என்பதற்குப் பெர்லினில் நடந்த ஓர் ஆய்வு வலுவான சான்றாகும். வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்னும் ஆசிரியர் வளர்த்த ஹான்ஸ் என்ற குதிரை, கணக்குகளுக்குக் குளம்பால் தட்டி விடை சொல்வதாகப் புகழ்பெற்றிருந்தது. 1904இல் அமைந்த வல்லுநர் குழு இதில் வேண்டுமென்றே செய்த தந்திரம் எதையும் காணவில்லை. பின்னர் உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் செய்த சோதனைகளில், கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோதும், அவரைக் காண முடியாதபடி குதிரையின் கண்களை மறைத்தபோதும், அது தவறியது. கேள்வி கேட்பவர் தம்மையறியாமல் தலையை மிகச் சிறிதளவு தாழ்த்துவதைக் கண்டு ஹான்ஸ் தட்டத் தொடங்கியதும், சரியான எண் வந்ததும் அவர் தலை நிமிர்வதைக் கண்டு நிறுத்தியதும் புலனாயின. 1907இல் வெளியான இந்த ஆய்வில் குத்தகையாளர் கருத வேண்டிய பகுதி, உண்மை தெரிந்த பின்னரும் ஃபுங்ஸ்ட் தம் சொந்தத் தலையசைவை முழுமையாக அடக்க இயலவில்லை என்பதாகும். தரையில் நிற்பவரின் நுண்ணிய அசைவையே இவ்வாறு படிக்கும் விலங்கு, தோலில் ஈ அமர்ந்தால் அந்த இடத்தை மட்டும் சிலிர்த்து உதறும் அளவுக்குத் தொடுவுணர்வு மிக்கது. அதன் முதுகின் மேலேயே அமர்ந்திருப்பவரின் இடுப்புச் சாய்வையும் மூச்சுப் பிடிப்பையும் தோள் இறுக்கத்தையும் அது உணராமல் இருக்காது. உணரும் குதிரைக்கு அதைச் சொல்லிக் காட்ட வழியில்லை. உணராத சவாரியாளருக்கு அதைக் காணவும் வழியில்லை. ஆகவே வெளியே நின்று இருவரையும் ஒருசேரப் பார்க்கும் மூன்றாவது கண் தேவைப்படுகிறது.

இத்தேவை உடலின் கோணலில் மிகத் தெளிவாகத் தெரிகிறது. வலப்புறம் சாய்ந்து அமரப் பழகியவருக்குச் சில வாரங்களில் அச்சாய்வே நேரான நிலையாகத் தோன்றிவிடும். உண்மையில் நேராக அமர்த்தப்படும்போது இடப்புறம் விழப்போவதுபோல் உணர்வார். குதிரைக்கும் இயல்பாகவே ஒரு பக்கம் வளைவதற்கு எளிதாகவும் மறுபக்கம் கடினமாகவும் இருக்கும். டிராட்டில் குதிரையின் கால்கள் மூலைவிட்டமாக, அதாவது ஒருபக்க முன்னங்காலும் எதிர்ப்பக்கப் பின்னங்காலும் இணையாக நகர்கின்றன. சவாரியாளர் ஒரு தாளத்தில் எழுந்து மறுதாளத்தில் அமர்கிறார். எந்த இணை தரையில் ஊன்றும்போது அமர்வது என்பதைத் திசை மாறும்போதெல்லாம் மாற்ற வேண்டியிருக்க, தனியே சவாரி செய்பவர் தமக்கு வசதியான இணையிலேயே நாள்கணக்கில் அமர்ந்துவிடுவது எளிது. அவருடைய கோணலும் குதிரையின் கோணலும் ஒன்றையொன்று தாங்கி நிற்க, இருவருக்கும் எந்த இடரும் தெரியாத நிலையில் தசைகள் ஒருபுறமாக வளரத் தொடங்குகின்றன. ஜெர்மன் பயிற்சி முறை வகுத்துள்ள தாளம், தளர்வு, கடிவாளத் தொடர்பு, உந்துவிசை, நேராக்கம், ஒருங்குதிரட்டல் என்னும் ஆறு படிகளில் நேராக்கம் ஐந்தாவதாக வைக்கப்பட்டிருப்பதே, அது தானாக வந்து சேராதது என்பதை உணர்த்தும்.

இக்கலையின் மூத்த நிறுவனங்களும் இவ்வாறு வெளியே நிற்பவரின் பார்வையில் பயில்வதையே நடைமுறையாகக் கொண்டுள்ளன. 16ஆம் நூற்றாண்டிலிருந்து தொடரும் வியன்னாவின் ஸ்பானிய குதிரையேற்றப் பள்ளியில், புதிதாகச் சேரும் மாணவர் நன்கு பழகிய லிப்பிஸானர் இன ஆண்குதிரையின் மேல், கடிவாளமும் அங்கவடியும் இன்றி, நீண்ட கயிற்றில் வட்டமாகச் சுற்றும் பயிற்சியிலேயே நெடுங்காலம் அமர்வைக் கற்கிறார். முழுச் சவாரியாளராக உயர்வதற்குப் பத்தாண்டளவு ஆகிறது. அங்குள்ள குதிரைகள் எந்தச் சவாரியாளருக்கும் சொந்தமானவை அல்ல. குதிரை சவாரியாளருக்குக் கற்பிப்பதும், தேர்ந்த சவாரியாளர் இளங்குதிரைக்குக் கற்பிப்பதும், மூத்தவர்களின் பார்வையில் இவ்விரண்டும் நடப்பதுமாகவே அந்த மரபு நிலைத்திருக்கிறது. இந்தியாவிலிருந்து ஒரு சான்று கூறுவதாயின், 2018 ஆசிய விளையாட்டில் தனிநபர், குழு ஆகிய இரண்டிலும் வெள்ளி வென்று, டோக்கியோ ஒலிம்பிக்கில் 23ஆம் இடம் பெற்ற பெங்களூருவின் ஃபவாத் மிர்சா, செனியர் மெடிக்காட் என்னும் குதிரையில் ஏறியது உரிமையாளராக அல்ல. அக்குதிரை அப்போது எம்பசி குழுமத்திற்குச் சொந்தமாக இருந்தது. ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற நிலையிலும் அவர் ஜெர்மனியில் 2014ஆம் ஆண்டின் உலக வாகையர் சாண்ட்ரா ஆஃபார்த்திடம் பயின்றுகொண்டே இருந்தார்.

பாடத்தைத் தொடர்வதென முடிவு செய்தபின், அதை எவ்வாறு அமைப்பது என்பது அடுத்த வினா. மூன்று நாள் கொண்ட அரைக் குத்தகையில், ஒரு நாள் பயிற்றுநருடனும், ஒரு நாள் அவர் சுட்டிய ஒன்றிரண்டு கூறுகளைத் தனியே பழகுவதற்கும், ஒரு நாள் மைதானத்துக்கு வெளியே திறந்த பாதையில் இளைப்பாறலாகச் செல்வதற்கும் ஒதுக்குவது சமநிலை உடைய அமைப்பாகும். மற்ற நாள்களில் உரிமையாளர் குதிரைக்குக் கொடுக்கும் வேலையையும் கூட்டிப் பார்த்தே அதன் மொத்தச் சுமையை முடிவு செய்ய வேண்டும். சவாரியாளரும் குதிரையும் ஒருவரையொருவர் அறியாத முதல் இரண்டு, மூன்று மாதங்களில் வாரம் ஒரு பாடம் அவசியம். அதன்பின் பணநெருக்கடி இருந்தால் இரு வாரங்களுக்கு ஒன்றாகக் குறைக்கலாம். தனிப்பாடத்துக்கு மாற்றாகச் சிலர் சேர்ந்து பயிலும் குழுப்பாடத்தை ஏற்கலாம். இடைப்பட்ட நாள்களில் கைப்பேசியில் எடுத்த காணொளியைப் பயிற்றுநரிடம் காட்டலாம். காணொளி பாடத்துக்கு ஈடாகாது. பிழை நிகழும் கணத்திலேயே திருத்தம் வருவதுதான் பாடத்தின் பயன்.

பாடங்களின் உள்ளடக்கத்திலும் சிலவற்றைக் கேட்டுப் பெறுதல் நன்று. அவ்வப்போது நீண்ட கயிற்றில் அங்கவடியின்றி அமரும் பாடம் கேட்க வேண்டும், ஏனெனில் குதிரையைச் செலுத்தும் பொறுப்பு நீங்கிய நிலையில்தான் அமர்வு தனியே சீராகும். சில மாதங்களுக்கு ஒருமுறை பயிற்றுநரையே குதிரையின் மேல் ஏறச் சொல்ல வேண்டும். அவர் ஏறியபோது குதிரை எளிதாக வளைந்தால் குறை சவாரியாளரிடம் உள்ளது, அவருக்கும் வளையாவிட்டால் சேணம் முதுகில் பொருந்துகிறதா, பல்லிலோ காலிலோ வலி உள்ளதா என்று ஆராய வேண்டியிருக்கும். இடையிடையே வேறொரு குதிரையில் பாடம் பெறுவதும் தேவை, ஏனெனில் ஒரே குதிரையில் ஏறுபவர் குதிரையேற்றத்தில் தேறுவதற்கு மாறாக அந்த ஒரு குதிரையின் குறைகளை ஈடுகட்டுவதில் தேறிவிடக்கூடும்.

இவற்றையெல்லாம் வாய்ச்சொல்லில் விடாமல் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது இருதரப்புக்கும் காப்பாகும். குத்தகைக் காலம், முடித்துக்கொள்வதற்கான முன்னறிவிப்பு, லாடத்துக்கும் மருத்துவத்துக்கும் பணம் தருபவர், அவசரச் சிகிச்சையில் முடிவெடுப்பவர், காப்பீடு, தாண்டக்கூடிய தடையின் உயரம் ஆகியவற்றோடு, யாரிடம், எத்தனை நாளுக்கு ஒருமுறை பாடம் பெறுவது என்பதும் அதில் இடம்பெற வேண்டும். உரிமையாளர் ஒரு பயிற்றுநரிடமும் குத்தகையாளர் மாறுபட்ட முறையைப் பின்பற்றும் இன்னொருவரிடமும் பயின்றால், ஒரே குறிப்புக்கு இரு பொருள் கற்பிக்கப்பட்டுக் குதிரை குழம்பும். ஆகவே கூடியவரை ஒருவரிடமே இருவரும் பயில்வதோ, இரு பயிற்றுநர்களும் கலந்து பேசிக்கொள்வதோ வேண்டும்.

பாடத்துக்கும் எல்லை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. பயிற்றுநரின் குரல் இன்றி எதையும் முடிவு செய்ய இயலாதவர் சவாரியாளராக முதிர்வதில்லை. எப்போது தொடர்வது, எப்போது நிறுத்துவது, இன்று குதிரையின் மனநிலை என்ன என்பவற்றைத் தாமே தீர்மானிக்கும் தனிச்சவாரி நாள்களே குத்தகை தரும் சிறந்த கொடை. அந்நாள்களில் எழும் ஐயங்களைக் குறிப்பேட்டில் எழுதி அடுத்த பாடத்துக்குக் கொண்டுசெல்பவருக்குத் தனிச்சவாரியும் பாடமும் ஒன்றையொன்று வளர்க்கும்.

இரண்டுக்கும் பணம் போதாத நிலை வருமாயின், பாடமற்ற முழுக் குத்தகையைவிடப் பாடத்தோடு கூடிய அரைக் குத்தகையே தேர்ந்தெடுக்கத்தக்கது. அதுவும் இயலாவிட்டால், பள்ளிக் குதிரையிலேயே இன்னும் ஓராண்டு பயின்று பணம் சேர்ப்பதில் இழுக்கு எதுவும் இல்லை. இரவலாகப் பெற்ற உயிரைக் கெடுக்காமல் திருப்பித் தருவது குத்தகையாளரின் முதற்கடன். ஒப்பந்தம் முடிந்தபின் உரிமையாளர் ஏறி அமரும்போது, மெல்லிய கால் குறிப்புக்கு முன்போலவே குதிரை விரைந்து நகர்ந்து, இரு திசைகளிலும் ஒரே அளவு எளிதாக வளையுமாயின், அந்தக் கடன் நிறைவேறியதென்று கொள்ளலாம். அத்தகையவரிடம் தம் அடுத்த குதிரையையும் ஒப்படைக்க உரிமையாளர்கள் தயங்கமாட்டார்கள்.