கம்பையும் கொப்பியில் எழுது, தங்கச்சி

அன்புள்ள தங்கச்சி,

உலகத்தில் ஆகக் கூடுதலான ஆட்கள் பழகும் தற்காப்புக் கலை எது, அதையே பழகலாம் என்று கேட்டிருந்தாய். நம்பக்கூடிய தலைக்கணக்கு யாரிடமும் இல்லை. டேக்வாண்டோ, ஜூடோ, கராத்தே மூன்றும் ஏறக்குறைய எல்லா நாட்டிலும் இருக்கின்றன. அவரவர் சம்மேளனம் கோடிக்கணக்கில் சொல்லும். ஒலிம்பிக்கை வைத்தும் அளக்க முடியாது. ஜூடோ 1964இலும் டேக்வாண்டோ 2000இலும் பதக்கப் போட்டிகளாயின. கராத்தேக்கு டோக்கியோவில், 2021இல், ஒரு தடவைதான் இடம் கிடைத்தது. 2024இல் பரிஸில் அது இல்லை. அதற்காக எந்த ஊரிலும் கராத்தே வகுப்பு மூடப்படவில்லை.

வேறு கலை தேடி பஸ் காசு செலவழித்து நுவரெலியாவுக்குக் கிழமைக்கு ஒரு நாள் போய் வருவதைவிட, பாடசாலையில் கிழமைக்கு மூன்று நாள் கிடைக்கும் கராத்தே உனக்கு நல்லது. ஒரே மாஸ்டர், ஒரே கூட்டாளிகள், தொடர்ந்த பழக்கம்: உடம்பு இதில்தான் படியும். பெல்ட்டுக்குப் பெல்ட் காசு கேட்டு அவசரப்படுத்துகிறவரிடம் மட்டும் கவனமாக இரு.

ஆனால் உன் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஒரு சிறு தீவின் கலை உன் ஊர் பட்டிப்பொல வரை எப்படி வந்தது?

நீ முதலில் படித்த கட்டாவை, அதாவது அசைவு வரிசையை, ஹெயான் என்றோ பினான் என்றோ உன் மாஸ்டர் சொல்லியிருப்பார். ஒக்கினாவாவில் இத்தோசு அங்கோ என்ற பெரியவர் அந்தப் பெயரில் வரும் ஐந்து கட்டாக்களையும் பாடசாலைப் பிள்ளைகளுக்காகவே அமைத்தார். அதுவரை வீட்டு முற்றங்களில் நாலு பேருக்குள் இருந்த கலை, 1901 அளவில் அவர் முயற்சியால் ஆரம்பப் பாடசாலைக்குள் நுழைந்தது. 1908இல் அதன் பயன்களையும் பழகும் விதத்தையும் பத்துக் குறிப்புகளாக எழுதி அதிகாரிகளுக்கு அனுப்பினார். அவருடைய மாணவர் ஃபுனகோஷி 1922இல் டோக்கியோ போய்ப் பல்கலைக்கழக மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஜூடோவை உருவாக்கிய கானோவின் தரமுறையையும் கறுப்புப் பெல்ட்டையும் எடுத்துக்கொண்டார். குத்தும் உதையும் எல்லா ஊரிலும் உண்டு. கராத்தேயைக் கடல் கடத்தியதில் வகுப்புக்கும் பாடத்திட்டத்துக்கும் கிரேடிங்குக்கும் பெரிய பங்கு உண்டு.

இனி நம்முடைய கம்பைப் பார். தோட்டங்களுக்கு நம் ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தபோது கம்பு சுற்றும் சிலம்பமும் கூடவே வந்தது. மலேசியத் தோட்டங்களுக்கும் அது இப்படியே போனது. அங்கே சங்கம் வைத்துப் போட்டி நடத்துகிறார்கள். தமிழ்நாட்டில் 2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. நம் மலையில் மாரியம்மன் திருவிழாவில் தப்பு முழங்கத் தேருக்கு முன்னால் சுற்றுகிறோம். திருவிழா முடிந்ததும் கம்பு மூலைக்குப் போய்விடுகிறது. சிலம்பத்தின் வணக்க முறையான சலாவரிசை முழுதாகத் தெரிந்த பெரியவர்கள் குறைந்துகொண்டே போவது எனக்குப் பெரிய கவலை. வீச்சை வீடியோவில் பார்த்துப் பிடித்துவிடலாம். காலடி அப்படி வராது. கம்பு தலைக்கு மேல் திரும்பும் நேரத்தில் பாரம் எந்தக் காலில் நிற்கிறது, குதி எப்போது தூக்குகிறது என்பதைப் பக்கத்தில் நின்று கேட்டால்தான் தெரியும்.

உனக்கு இரண்டும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. கராத்தேயை விடாதே. சனி, ஞாயிறுகளில் கம்பு தெரிந்த பெரியவரைத் தேடிப் போ. தாத்தா என்று கூப்பிட்டு, கொப்பியும் கையுமாக உட்கார். பொம்பளைப் பிள்ளைக்குக் கம்பு எதற்கு என்று யாராவது சொன்னால், உன் கட்டாவை அங்கேயே செய்து காட்டு.

பழகும்போது உடம்பைப் பார்த்துக்கொள். ஜனவரி, பெப்ரவரி விடியலில் உங்கள் பக்கம் புல்லில் உறைபனி கிடக்கும். 1,890 மீற்றர் அளவு உயரம். உடம்பு சூடேறாமல் உயர உதைத்தால் தொடை பிடித்துக்கொள்ளும். முதலில் கால் மணி நேரம் ஓடு. விரல் விறைத்த கையில் கம்பு நிற்காது, நழுவிப் பக்கத்தில் நிற்பவர் மேல் படும். பிரம்புக் கம்பை அடுப்புக்கு மேலே செருகி வை. மூடுபனி ஈரம் ஏறினால் பூஞ்சணம் பிடிக்கும்.

வரும் திருவிழாவுக்கு முன் முதல் நான்கு காலடிகளை வரைந்து எனக்கு அனுப்பு. எந்தக் கால், எந்தத் திசை, தப்பின் எந்த அடிக்கு என்று ஒவ்வொன்றுக்கும் கீழே எழுது. ஹட்டன் பக்கத்தில் நான் கேட்டு வைத்திருப்பவற்றோடு ஒப்பிட்டு, வித்தியாசங்களைக் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். அந்த நான்கையும் வைத்து உங்கள் பாடசாலையின் சின்னப் பிள்ளைகளுக்கு முதல் பாடத்தை நாம் தயாரிக்கலாம்.

அன்புடன்,
அண்ணன்