வீட்டைச் சுற்றி வாழும் நஞ்சில்லாப் பாம்புகள்

திருவனந்தபுரம் மாவட்டத்து நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்த ஊர் குன்னத்துகால். இரப்பர்த் தோட்டங்களும் தென்னையும் மரச்சீனி விளைகளும் இங்கு வீட்டு வாயில் வரை நெருங்கி நிற்கின்றன. விளையில் எலி உண்டு. கிணற்றடியில் தவளை உண்டு. சுவரில் பல்லி உண்டு. இரையைத் தேடிப் பாம்பு வருவது இயற்கையே. அங்ஙனம் வருவனவற்றுள் பல, மனிதனுக்குத் தீங்கு செய்யும் நஞ்சற்றவை. எனினும் கண்ட பாம்பையெல்லாம் அடிக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. அடிக்க நெருங்குவோரே கடிபடுவதும் உண்டு.

பெயரும் அடையாளமும்

இரு மொழிகள் வழங்கும் எல்லைப்புறத்தில் பாம்புக்கும் இரு பெயர்கள் உள. தமிழில் நல்ல பாம்பு எனப்படுவது மலையாளத்தில் மூர்க்கன், கண்ணாடி விரியன் அணலி, கட்டுவிரியன் வெள்ளிக்கெட்டன், சாரை சேர, தண்ணீர்ப்பாம்பு நீர்க்கோலி. 'நல்ல' என்னும் அடைமொழி நஞ்சின்மையைக் குறிப்பதன்று. ஆகவே ஊழியர்கள் பெயரை மட்டும் கேட்டு முடிவு செய்யாது, அடையாளங்களைக் கேட்டறிதல் வேண்டும்.

நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் உயிர்க்கொல்லிகள். இவற்றுடன், மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்த சிறு குழிவிரியன் ஒன்று தோட்டத்துச் சருகுகளில் வாழ்கிறது. நான்கு பாம்புகளின் நஞ்சுக்கு எதிராக நம் நாட்டில் செய்யப்படும் மருந்து இதன் நஞ்சை முறிப்பதில்லை.

நஞ்சில்லாதவை

சாரை: இரண்டு மீட்டருக்கு மேலும் வளரும். பகலில் இரை தேடும். கண்கள் பெரியவை, உதட்டுச் செதில்களின் ஓரங்களில் கருங்கோடுகள் தெரியும். சீறினும் நாகத்தைப் போலப் படம் விரிப்பதில்லை. சாரையும் நாகமும் இணைசேரும் என்பது தவறான நம்பிக்கை. பின்னிப் பிணைந்து எழுந்து நிற்பவை பெரும்பாலும் ஒன்றோடொன்று வலிமை காட்டும் இரண்டு ஆண் சாரைகளே. எலிகளை ஒழிப்பதில் இது உழவனுக்கு உற்ற துணை.

ஓநாய்ப் பாம்பு: பல்லியைத் தேடிச் சுவரேறி வீட்டினுள் வரும். கட்டுவிரியன் எனத் தவறாகக் கருதப்பட்டு மாள்வதும் இதுவே. இதன் வெண்பட்டைகள் கழுத்தருகிலேயே தொடங்கி, வாலை நோக்கி மங்கும். வளர்ந்த கட்டுவிரியனில் அவை தலைக்குச் சற்றுப் பின்னே தொடங்கி, பெரும்பாலும் இரட்டை இரட்டையாக அமைந்து, வால்புறத்தில் தெளிவாகும். முதுகின் நடுவரிசைச் செதில்கள் மற்றவற்றினும் பெரியனவாய் அறுகோணமாக இருக்கும். கட்டுவிரியன் குட்டிகளில் பட்டை முன்புறத்திலும் தெளிவாக இருத்தல் கூடும். ஆதலின் ஐயம் எழின் நஞ்சுடையதென்றே கொள்க.

தண்ணீர்ப்பாம்பு: உடலில் சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களும், கண்ணுக்குக் கீழே சாய்ந்த கருங்கோடுகளும் உடையது. சினந்து கடிக்கும், ஆயினும் நஞ்சில்லை.

கொம்பேறி மூக்கன்: மெலிந்த, வெண்கல நிறமுள்ள மரப்பாம்பு. கடித்தபின் மரமேறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்கும் என்பது கட்டுக்கதை. பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும் என்பதும் அத்தகையதே; அதன் மெல்லிய நஞ்சு மனிதனைக் கொல்லாது. மண்புழுவை ஒத்த புழுப்பாம்பு எறும்பு, கறையான் ஆகியவற்றின் முட்டைகளைத் தின்பது.

உடன் வாழும் முறை

விறகையும் தேங்காய் மட்டையையும் சுவரை ஒட்டிக் குவித்தல் ஆகாது. கதவின் கீழுள்ள இடைவெளிகளையும் தரைப் பொந்துகளையும் அடைத்தல் வேண்டும். இரவில் விளக்கின்றி நடக்கலாகாது. கட்டுவிரியன் உறங்குபவரை வலி தோன்றாமல் கடிக்கக்கூடும். கட்டிலில் கொசுவலை கட்டி உறங்குவதே காப்பு. பாம்பு வீட்டினுள் புகின் விலகி நின்று, வனத்துறையின் பயிற்சி பெற்ற மீட்பாளரை அழைக்க. கேரள வனத்துறை இதற்கெனச் 'சர்ப்பா' என்னும் கைப்பேசிச் செயலியை நடத்துகிறது. மலைப்பாம்புக் குட்டியென எண்ணிக் கண்ணாடி விரியனைக் கையில் எடுப்பது உயிருக்கே கேடு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சாரையையும் காக்கிறது என்பதையும் மக்கள் அறியவேண்டும்.

கடிபட்டால்

2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுதோறும் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என ஓர் ஆய்வு 2020இல் மதிப்பிட்டது. 2019 நவம்பரில் வயநாட்டுச் சுல்தான் பத்தேரியில், வகுப்பறைத் தரையின் பொந்திலிருந்த பாம்பு கடித்து ஒரு சிறுமி மாண்டாள். ஆசிரியர்கள் இதனை மறத்தலாகாது. கடித்தது நஞ்சில்லாப் பாம்பே எனத் தோன்றினும், தாமதியாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. கடிபட்ட உறுப்பை அசையாது வைத்தல் நன்று. இறுகக் கட்டுதலும் கீறுதலும் உறிஞ்சுதலும் தீது. பாம்பைப் பிடித்துக் கொணரத் தேவையில்லை. அறிகுறிகளைக் கண்டே மருத்துவர் முறிமருந்தளிப்பர்.

பாம்பை இனங்காணும் அறிவு அதனை நெருங்குவதற்கன்று. தேவையற்ற கொலையையும் தேவையற்ற அச்சத்தையும் தவிர்ப்பதற்கே. வகுப்பறையில் படங்களைக் காட்டி இவ்வடையாளங்களைக் கற்பித்தால், மாணவர் வழியே அவை ஒவ்வொரு வீட்டையும் சென்றடையும்.