64 விளக்குகளில் 'ட' எழுதுவோம்

பஸ்ஸின் முன்பக்கம் ஊர்ப்பெயர் எல்.இ.டி. எழுத்துகளில் மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் குட்டித் தம்பியை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே புரோகிராம் செய்யலாம். தேவையானவை ஆர்டுயினோ யூனோ போர்டு, மேக்ஸ்7219 சிப் பொருத்திய 8க்கு 8 எல்.இ.டி. மேட்ரிக்ஸ், ஐந்து ஒயர்கள். யூனோவில் புரோகிராமுக்கான இடம் வெறும் 32 கிலோபைட். ஒரு போட்டோவுக்கே போதாது, ஆனால் நம் வேலைக்குத் தாராளம்.

64 விளக்குகளும் ஒன்றாக எரிந்தால் விளக்குக்கு 20 மில்லி ஆம்பியர் வீதம் 1280 ஆகிவிடும். சாதாரண யுஎஸ்பி 2.0 போர்ட் தருவதோ 500. அதனால் மேக்ஸ்7219 ஒரு தந்திரம் செய்கிறது. ஒரு நேரத்தில் ஒரு வரிசையை மட்டும் எரியவிட்டு, எட்டு வரிசைகளையும் நொடிக்குச் சுமார் 800 முறை சுற்றி வருகிறது. நம் கண் ஏமாந்து, எல்லாம் சேர்ந்து எரிவதாக நினைத்துக்கொள்கிறது!

யுஎஸ்பி கேபிளைக் கழற்றிவிட்டு ஒயர்களை இணையுங்கள். விசிசி 5 வோல்ட்டுக்கு, ஜிஎன்டி ஜிஎன்டிக்கு, டிஐஎன் 12க்கு, சிஎல்கே 11க்கு, சிஎஸ் 10க்கு. பிறகு ஆர்டுயினோ மென்பொருளில் லெட்கன்ட்ரோல் லைப்ரரியை நிறுவி, எக்ஸாம்பிள்ஸ் மெனுவில் அதன் மேட்ரிக்ஸ் மாதிரியைத் திறந்துகொள்ளுங்கள்.

முதல் முறை நான் மாதிரியைத் தொடாமல் எல்லாவற்றையும் நானே டைப் செய்தேன். இன்ஜினியர் ஆயிற்றே! ஒரு விளக்கும் எரியவில்லை. ஒரு மாலை முழுவதும் ஒயர்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். கோளாறு ஒயரில் இல்லை. இந்த லைப்ரரி தொடக்கத்தில் சிப்பைத் தூங்க வைத்துவிடும். 'ஷட்டவுன்' கட்டளைக்கு 'ஃபால்ஸ்' என்று கொடுத்தால்தான் விழிக்கும். மாதிரியில் அந்த வரி இருக்கிறது, அழித்துவிடாதீர்கள்.

இனி 'லூப்' பகுதியில் உள்ள வரிகளை நீக்கிவிட்டு நம் எழுத்தை எழுதுவோம். ஒவ்வொரு வரிசையும் ஓர் எண். இடமிருந்து வலமாக விளக்குகளின் மதிப்பு 128, 64, 32, 16, 8, 4, 2, 1. எரிய வேண்டியவற்றைக் கூட்டினால் போதும். 'ட'வுக்கு 0 முதல் 6 வரையுள்ள வரிசைகளில் இடது ஓர விளக்கு மட்டும், அதாவது 128. கடைசி வரிசையில் ஐந்து விளக்குகள்: 128, 64, 32, 16, 8 சேர்த்து 248. இந்த எட்டு எண்களையும் 'செட்ரோ' கட்டளையில் கொடுத்து அப்லோடு செய்யுங்கள்.

'ப' சுலபமாயிற்றே என்று கேட்கலாம். அது இடவலமாகத் திரும்பினாலும் 'ப'தான், தவறு தெரியாது. 'ட' காட்டிக்கொடுத்துவிடும். எழுத்து படுத்துக் கிடந்தால், நீளக்கோடு நிமிர்ந்து குட்டைக்கோடு கீழே வரும்வரை மேட்ரிக்ஸைக் கையால் திருப்புங்கள். அப்போதும் குட்டைக்கோடு இடப்பக்கம் நீண்டால் படம் கண்ணாடிப் பிம்பமாக விழுகிறது. 128க்குப் பதில் 1, 248க்குப் பதில் 31 கொடுங்கள், நேராகிவிடும்.