இந்த மாதப் பாடம்: வாட்ஸ்அப்பில் 108 கிடைக்குமா?



வாட்ஸ்அப்பில் 2015-இல் பேச்சும் 2016-இல் வீடியோ காலும் வந்தன. வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகளை முகம் பார்த்துப் பேசுகிறோம். நல்லதுதான். ஆனா "நெட் போன் இருக்கு, அது போதும்"னு இருந்துவிடலாமா?

நெட் காலில் நம் குரல் சின்னச் சின்னத் துண்டுகளாகி இன்டர்நெட் வழியே போய், அந்தப் பக்கம் மறுபடி சேருகிறது. துண்டு வரத் தாமதமானால் "ஹலோ, ஹலோ"தான்!

தெரிந்துகொள்ள வேண்டிய குறைகள்:

1. பேசுபவர், கேட்பவர் இருவருக்கும் நெட் வேண்டும்.

2. பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பி வழியாகக் கரண்ட் வந்தது. வீட்டில் கரண்ட் போனாலும் பேசலாம். இப்போதைய ஃபைபர் கேபிள் கண்ணாடி இழை. அதில் கரண்ட் வராது. வீட்டில் கரண்ட் போனா மோடம் அணையும், நெட்டும் போகும்.

3. ஊராட்சிகளுக்கு ஃபைபர் கேபிள் கொண்டுபோகும் பாரத்நெட் திட்டத்துக்கு மத்திய அரசு 2011-இல் ஒப்புதல் தந்தது. ஊராட்சி வரை கேபிள் வந்தால் வீடு வரை வந்ததாக ஆகாது. வாசலூர்பட்டி மாதிரி மலை ஊரில் வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. மரம் விழுந்து கேபிள் அறுந்தால், ஆள் வந்து ஒட்டும் வரை காத்திருக்கணும்.

4. மிக முக்கியம்: வாட்ஸ்அப் மூலம் 108, 112 எண்களை அழைக்க முடியாது. ராத்திரி பிரசவ வலி வந்தாலும், பாம்பு கடித்தாலும் சாதாரண கால்தான் கைகொடுக்கும்.

அதனால் என்ன செய்யலாம்?

* எந்த மேட்டில், எந்தக் கம்பெனி சிம்முக்குச் சிக்னல் கிடைக்குதுன்னு குழுவாகச் சேர்ந்து பட்டியல் எழுதுங்கள்.

* நம் சிம்முக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு கம்பெனி டவர் எட்டினால் 112 கிடைக்க வாய்ப்புண்டு. முயற்சி செய்யுங்கள்.

* ஒவ்வொரு குக்கிராமத்திலும் ஒரு பட்டன் போனாவது முழு சார்ஜில் இருக்கட்டும்.

* கர்ப்பிணி இருக்கும் வீட்டில் 108, கிராம செவிலியர் எண் இரண்டையும் சுவரில் எழுதி வையுங்கள்.

* வீட்டுக்கு நெட் இணைப்பு வாங்கும் முன், வரியோடு மாதம் எவ்வளவு, பழுதானால் எத்தனை நாளில் வருவீர்கள் என்று கேளுங்கள். 2023 விதிப்படி குறைந்தது 2 எம்பிபிஎஸ் வேகம் இருந்தால்தான் அது பிராட்பேண்ட்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்: இன்று ராத்திரி கரண்ட் இல்லை, ஒருவருக்கு அவசரம். நம் ஊரில் யார், எங்கே போய், எந்தப் போனில் பேசுவது? பதிலைத் தீர்மான நோட்டில் எழுதிவிடுங்கள்.