முதல் மனைவியை மறைத்துத் தாலி கட்டியிருந்தால்?

திருப்பூர் வீரபாண்டியில் பனியன் கம்பெனி வேலைக்காக வெளியூரிலிருந்து வந்து குடியிருப்பவர்கள் ஏராளம். மாப்பிள்ளைக்குச் சொந்த ஊரில் ஏற்கெனவே குடும்பம் இருப்பது கல்யாணத்துக்குப் பிறகு தெரியவந்தால், ஏமாந்த பெண் மறுமணம் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். முதல் மனைவி உயிரோடு இருந்து, விவாகரத்தும் ஆகவில்லை என்றால், இந்து திருமணச் சட்டத்தின் (1955) 11-வது பிரிவுப்படி அந்த இரண்டாம் திருமணம் தொடக்கம் முதலே செல்லாது. விவாகரத்து வாங்க வேண்டியதில்லை. கோர்ட் அறிவிக்காவிட்டாலும் அது செல்லாததுதான் என்று மல்ஹோத்ரா வழக்கில் (2005) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இருந்தாலும் ‘செல்லாது’ என்ற தீர்ப்பைக் கையில் வாங்கிவிடுவதே பாதுகாப்பு. இருதார மணத்தைத் தண்டிக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-வது பிரிவு, அப்படித் தீர்ப்பு பெற்றவர்களுக்கு வெளிப்படையாகவே விலக்கு தருகிறது. வழக்கின் உயிர்நாடி, கணவரின் முதல் திருமணத்துக்கான ஆதாரம்தான். பத்திரிகை, போட்டோ, பதிவுச் சான்று, ரேஷன் கார்டு நகல் என எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள்.

குழந்தை இருந்தால் கலங்க வேண்டாம். இந்து திருமணச் சட்டத்தின் 16-வது பிரிவுப்படி அது சட்டப்பூர்வ வாரிசு. திருமணம் செல்லாது என்றானாலும் நிரந்தர ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதல் திருமணத்தை மறைத்தவருக்கு 10 ஆண்டு வரை சிறை உண்டு.

பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்றாலும், சட்ட உதவி இலவசம். அழைக்க: 15100.