பூட்டு விளையாட்டுக்கு, கதவு நமக்கு

சினிமா தியேட்டர், கோயில், பிரியாணிக் கடை, கோடை விடுமுறை வந்தால் பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்துத் தீம் பார்க். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் குடும்பமாகப் பொழுதைக் கழிக்க வெகுகாலம் இவ்வளவுதான் வழி. இப்போது ட்ராம்போலின், பௌலிங், வி.ஆர். விளையாட்டு என்று கேம் ஜோன்கள் புறநகர்ப் பக்கமும் வரத் தொடங்கியிருக்கின்றன. அவற்றோடு எஸ்கேப் ரூமும் வருகிறது. எனக்கு அதில் பெரிய மகிழ்ச்சி. திரையைப் பார்த்துக்கொண்டு தனித்தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு குடும்பத்தை, ஒரு மணி நேரம் ஒரே காரியத்தில் முழுமையாக இறக்கிவிடும் விளையாட்டு இது. எங்கள் வீட்டில் அப்பா முதல் தங்கை மகள் வரை எல்லோரும் சேர்ந்து இதை விரும்பி ஆடி வருகிறோம். அந்தப் பழக்கத்தில் கற்றுக்கொண்டவற்றை, முதல் முறை போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

அறியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். ஒரு கதை சொல்லி உங்களை ஓர் அறைக்குள் அனுப்புவார்கள். அங்கே எண் பூட்டுகள், பெட்டிகள், படங்கள், சங்கேதக் குறிப்புகள் இருக்கும். ஒன்றின் விடை இன்னொன்றைத் திறக்கும். பெரும்பாலும் 60 நிமிடங்களுக்குள் கடைசிப் பூட்டைத் திறக்க வேண்டும். கேம் மாஸ்டர் என்கிற ஊழியர் வெளியிலிருந்து கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார். கேட்டால் ஹின்ட் தருவார்.

அறைக்குள் சிக்கித் துப்பு தேடும் கம்ப்யூட்டர் விளையாட்டுகளிலிருந்துதான் இது பிறந்தது. ஜப்பானியர் தொஷிமித்சு தகாகி 2004-இல் வெளியிட்ட ‘கிரிம்சன் ரூம்’ அவற்றில் புகழ்பெற்றது. அதையே மனிதர்கள் நேரில் ஆடினால் என்ன என்று தகாவோ கட்டோ 2007-இல் கியோட்டோவில் ‘ஸ்க்ராப்’ நிறுவனத்தின் மூலம் நடத்திக் காட்டினார். 2011-இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் ‘பாராபார்க்’ என்ற எஸ்கேப் ரூம் தொடங்கியது. பிறகு சில ஆண்டுகளிலேயே உலகின் பெருநகரங்களெங்கும் பரவி, இந்தியாவுக்கும் வந்துவிட்டது.

எந்தத் தீம் என்று பார்க்கும் முன் கூட வருபவர்களைப் பாருங்கள்

வங்கிக் கொள்ளை, சிறைச்சாலை, பேய் பங்களா, பிரமிடு, வெடிகுண்டு. பெரும்பாலான இடங்களில் இந்த ஐந்தில் இரண்டு மூன்றாவது இருக்கும். போஸ்டர் எல்லாமே கவர்ச்சியாகத்தான் இருக்கும். யார் கூட வருகிறார்கள் என்பதை வைத்தே நான் முடிவு செய்கிறேன். பிள்ளைகள் வந்தால் துப்பறியும் கதை அல்லது புதையல் கதை. பேய் தீமில் இருட்டும் திடீர்ச் சத்தமும் இருக்கும். பயந்த பிள்ளை புதிரைப் பார்க்காது, அம்மா கையைத்தான் பிடித்துக்கொள்ளும். மூட்டுவலி உள்ள பெரியவர்கள் வந்தால் குனிந்து தவழ்ந்து போகும் பகுதி உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள். அடைத்த இடம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, ஒரு சிறிய அறையிலிருந்து பெரிய அறைக்கு விரியும் ஆட்டத்தைவிட, தொடக்கத்திலிருந்தே விசாலமான கூடம் நல்லது.

எண்ணிக்கையில் நான்கு அல்லது ஐந்து பேர் சரியாக இருக்கும். எட்டுப் பேரை அனுமதிக்கிறார்கள் என்பதற்காக எட்டுப் பேர் போனால், இரண்டு பேர் சுவரோரம் நின்று வேடிக்கை பார்க்க நேரிடும். காசு கொடுத்து வேடிக்கை பார்ப்பானேன்? இரண்டு அறைகளாகப் பிரிந்து ஆடலாம். வெளியே வந்து கதை பேசவும் சுவையாக இருக்கும்.

பார்த்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள்

இந்த விளையாட்டில் என் முதல் பாடம் இதுதான். ஒரு துப்பறியும் அறையில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த அறையின் கதையை அவர்கள் மாற்றிவிட்டதால், சொல்வதில் தவறில்லை.

“தாத்தா, இந்தக் கடியாரம் ஓடவே மாட்டேங்குது” என்றாள் தங்கை மகள்.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் பட்டறையிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அப்பா. “ஓடாத கடியாரத்த எதுக்கும்மா மாட்டி வச்சிருப்பாங்க? மணி எத்தன காட்டுது, பாரு” என்றார்.

“ஏழே கால், தாத்தா.”

மூலையில் பெட்டியோடு போராடிக்கொண்டிருந்த தங்கை திரும்பினாள். “அக்கா, இங்க மூணு நம்பர் பூட்டு இருக்கு. ஏழு, ஒண்ணு, அஞ்சு போட்டுப் பாக்கவா?”

பூட்டு திறந்தது. பார்த்தது ஒருவர், கேள்வி கேட்டது ஒருவர், பொருத்தியது ஒருவர். மூவரில் யாரும் தனியாக இருந்திருந்தால் அந்தப் பெட்டி திறந்திருக்காது. “சிவப்புப் புத்தகம் நாலு இருக்கு”, “இந்தப் படம் தலைகீழா மாட்டியிருக்கு” என்று அற்பமாகத் தோன்றுவதையும் உரக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் சொல்வதைப் பெரியவர்கள் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். நம் கண் உயரத்தில் இல்லாத பலவும் அவர்கள் கண்ணில் படும்.

பூட்டே பாதி விடை சொல்லும்

எந்த வகைப் பூட்டு என்று முதலில் கவனியுங்கள். மூன்று இலக்கப் பூட்டு என்றால் தேட வேண்டியது மூன்று எண்கள். எழுத்துப் பூட்டு என்றால் ஒரு சொல். மேல், கீழ், இடம், வலம் என்று தள்ளும் பூட்டு என்றால் அம்புக்குறியோ வரைபடமோ எங்காவது இருக்கும். துவாரமே இல்லாத அலமாரி என்றால் உள்ளே காந்தப் பூட்டு இருக்கலாம். சரியான பொருளைச் சரியான இடத்தில் வைத்தால் தானாகத் திறக்கும். ஊதா நிற டார்ச் கிடைத்தால் சுவரில் கண்ணுக்குத் தெரியாத மையில் ஏதோ எழுதியிருக்கிறது என்று பொருள்.

தொடக்கத்தில் தேடலுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கி, கிடைத்ததை எல்லாம் ஒரே மேசையில் பரப்பிவிடுவோம். பயன்படுத்திய சாவியை அதன் பூட்டிலேயே விட்டுவிடுவோம். பெரும்பாலான அறைகளில் ஒரு சாவிக்கு ஒரே வேலைதான். முடிந்த புதிர்களின் தாள்களைத் தனியே ஒதுக்கினால் மண்டை குழம்பாது. ஒரே புதிரில் இரண்டு மூன்று நிமிடம் தேங்கி நின்றால் அதை அடுத்தவரிடம் கொடுத்துவிடுங்கள். புதுக் கண்ணுக்குச் சட்டென்று புலப்படும்.

பலத்தைக் காட்ட எதுவும் இல்லை. மின் பிளக், தீயணைப்பான், ‘தொடாதீர்கள்’ என்று ஒட்டிய பொருள்கள் எதுவும் ஆட்டத்தில் சேராதவை. பெயர்த்தால்தான் வரும் என்று தோன்றுவது துப்பாக இருக்காது.

ஹின்ட் கேட்பதில் வெட்கம் வேண்டாம்

கனடாவைச் சேர்ந்த விளையாட்டு ஆய்வாளர் ஸ்காட் நிக்கல்சன் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, உலகெங்கும் உள்ள 175 எஸ்கேப் ரூம் நிறுவனங்களிடம் திரட்டிய தகவல்களைக் கொண்டது. அதன்படி சராசரியாக 10 குழுக்களில் சுமார் 4 குழுக்களே நேரத்துக்குள் வெளியேறுகின்றன. வெளியேறாமல் போவதுதான் வழக்கம். ஆகவே தோற்றால் பிள்ளைகள் முகம் வாட விடாதீர்கள். நேரம் முடிந்ததும் கேம் மாஸ்டரை உள்ளே அழைத்து, மீதிப் புதிர்களை விளக்கச் சொல்லுங்கள். ஆர்வத்தோடு காட்டுவார்கள். அவர்கள் வேலையில் அவர்களுக்குப் பிடித்த நேரமே அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

ஹின்ட்டைப் பற்றி ஒரு புராணச் செய்தியும் உண்டு. நம் தொண்டை மண்டலத்தில் திரௌபதி அம்மன் கோயில்தோறும் பாரதக் கூத்து நடக்கிறது. அதில் வரும் அரக்கு மாளிகைக் கதையை நினைத்துப் பாருங்கள். வியாசர் சொல்லும்படி, விதுரன் தருமனிடம் ஆபத்தைச் சங்கேத மொழியில்தான் தெரிவிக்கிறான். பிறகு அவன் அனுப்பிய ஆள் சுரங்கம் தோண்டுகிறான். தருமனே குறிப்பை வாங்கிக்கொண்டுதான் வெளியேறினான். நமக்கென்ன வெட்கம்?

எல்லாவற்றுக்கும் முன்னால், கதவு

இந்த விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருக்கிறேன். 2019 ஜனவரி 4 அன்று போலந்தின் கோஷாலின் நகரில் ஓர் எஸ்கேப் ரூமில் தீப்பிடித்து, பிறந்தநாள் கொண்டாடப் போன 15 வயதுச் சிறுமிகள் ஐந்து பேரும் இறந்தார்கள். சூடேற்றப் பயன்படுத்திய எரிவாயு கசிந்து வரவேற்பறையில் தீப்பற்றியது. பிள்ளைகளால் உள்ளிருந்து வெளியேற முடியவில்லை. அதன்பின் நாடு முழுதும் சோதனை நடத்திப் பல இடங்களை மூடினார்கள். நம் நாட்டில் 2024 மே 25 அன்று ராஜ்கோட்டில் டி.ஆர்.பி. கேம் ஜோன் எரிந்து, குழந்தைகள் உட்பட 27 பேர் உயிரிழந்தார்கள். அந்த இடத்துக்குத் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றே இல்லை.

ஆகவே புதிய இடம் எதுவானாலும் பணம் கட்டும் முன் நான்கு கேள்விகள் கேட்கிறேன். அறையை வெளியில் பூட்டுவீர்களா, அல்லது ஆட்டத்துக்கு மட்டும் பூட்டு இருக்கிறதா? அவசரத்தில் உள்ளிருந்தே திறக்கும் பொத்தானோ கைப்பிடியோ எங்கே? கரண்ட் போனால் கதவு என்ன ஆகும்? கட்டடத்துக்கு இரண்டாவது வெளியேறும் வழி எது? மின்காந்தப் பூட்டு மின்சாரம் போனால் தானாக விடுபட்டுவிடும். ஆனால் அதற்கு பேட்டரி இணைப்பு கொடுத்திருந்தால் நிலைமை வேறு. அதனால்தான் பொத்தானை அழுத்திக் காட்டச் சொல்கிறேன்.

நல்ல இடங்களில் இந்தக் கேள்விகளை வரவேற்கிறார்கள். ஆட்டத்தின் கதவைப் பூட்டுவதே இல்லை என்றும், வேண்டும்போது எழுந்து வெளியே வரலாம் என்றும் தொடக்க விளக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். ஓரிடத்தில் ஊழியருக்கு இரண்டாவது வழி எங்கே என்றே தெரியவில்லை. பிள்ளைகள் கெஞ்சியும் நாங்கள் திரும்பிவிட்டோம். பின்வாசலில் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தாலும், படிக்கட்டுக்குக் கீழே ஜெனரேட்டர் டீசல் இருந்தாலும் நீங்களும் திரும்பிவிடுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு பொழுதுபோக்கு கிடைக்கும்.

எந்த நாள், எந்த நேரம்

வார நாளில் மதியம் போனால் கூட்டம் குறைவு. பல இடங்களில் கட்டணமும் குறையும். கேம் மாஸ்டரின் கவனம் முழுவதும் உங்கள் மேல் இருக்கும். வயிறு நிறைய உண்டுவிட்டுப் போகாதீர்கள், பசியோடும் போகாதீர்கள். வாசிக்கக் கண்ணாடி அணிபவர்கள் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். மங்கலான வெளிச்சத்தில் பொடி எழுத்துகள் நிறைய இருக்கும். அலுவலகக் குழுவாகப் போகிறவர்கள் மேலாளரைத் தலைவராக்காமல், எல்லோரையும் சமமாக ஆட விடுங்கள். வெளியே வந்தபின் புதிர்களின் விடையைப் பிறரிடம் சொல்லாதீர்கள். ஓர் அறையை வடிவமைக்க மாதக்கணக்கில் உழைத்திருப்பார்கள்.

கடை திறப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்

எங்கள் பக்கம் எஸ்கேப் ரூம் தொடங்க நினைப்பவர்கள், எகிப்துப் பிரமிடை எங்கிருந்தோ வாங்கி வைக்க வேண்டியதில்லை. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்கி 1965-இல் வெளிவந்தது. முதல் டாங்கி புறப்படும் நாளில் ஒரு வரைபடம் காணாமல் போகிறது என்று தொடங்கினால் அது ஒரு தீம். 1964-இல் உருவான அம்பத்தூர் எஸ்டேட்டில் இரவு ஷிப்டில் நின்றுபோன ஓர் இயந்திரத்தை விடிவதற்குள் ஓட வைக்க வேண்டும் என்றால் அது இன்னொன்று. பூந்தமல்லிக்கு அருகில் செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. முழுக் கொள்ளளவில் அதன் நீர்மட்டம் 24 அடி. மதகைத் திறக்கும் சாவியைத் தேடும் ஆட்டத்தில் நீர்மட்டம் ஏற ஏற நெஞ்சு படபடக்காதா? டி.வி. நிகழ்ச்சிக்கும் சினிமாவுக்கும் செட் போடும் தச்சர்களும் பெயின்டர்களும் இதே பூந்தமல்லிப் பக்கத்தில்தான் வேலை பார்க்கிறார்கள். கைவண்ணத்துக்குப் பஞ்சமில்லை.

புதிர்களைத் தமிழிலும் அமையுங்கள். எங்கள் அப்பாவைப் போன்றவர்கள் ஆங்கிலக் குறிப்பைப் பேத்தியிடம் வாசிக்கச் சொல்லிக் காத்திருக்கிறார்கள். விடுகதை போட்டு வளர்ந்த மக்கள் நாம். விடுகதையைத் தமிழில் கேட்டால் அறுபது வயதுக்காரரும் ஆறு வயதுப் பிள்ளையும் ஒரே கோட்டில் நிற்பார்கள். புறநகரில் மூன்று தலைமுறையும் ஒரே வேனில் வந்து இறங்கும் வாடிக்கையாளர்களே அதிகம். அவர்களை மனத்தில் வைத்து அறையைக் கட்டுங்கள். முதலில் வெளியேறும் வழியைக் கட்டுங்கள், பிறகு புதிரைக் கட்டுங்கள். அப்படி ஓர் அறை அம்பத்தூர் ஓ.டி. பக்கத்தில் திறந்தால், எங்கள் குடும்பம் முதல் வாரமே முன்பதிவு செய்யும்.